உப்புநீர் மீன் தொட்டி: கழிவுநீரை எங்கே ஊற்றுவது?

செந்தூல் வாசகர்: வாரந்தோறும் மாற்றும் நீரை வீட்டு முன் லோங்காங்கில் ஊற்றுகிறேன். தவறா?

தவறுதான். லோங்காங் மழைநீருக்கான திறந்த வடிகால், அது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போகாமல் நேரே ஆற்றில் சேருகிறது. கோம்பாக் ஆறானாலும் கிள்ளான் ஆறானாலும், கோலாலம்பூர் நகருக்குள் அவற்றில் எஞ்சியிருக்கும் உயிர்கள் நன்னீரில் வாழ்பவை. நீங்கள் ஊற்றும் 20 லிட்டர் வாளி ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 700 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கழிப்பறைக் கிண்ணத்தில் மெதுவாக ஊற்றி, பின்னர் ஒரு முறை நல்ல தண்ணீரைத் திறந்துவிடுங்கள். சமையலறைத் தொட்டியை நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு: பழைய டெரஸ் வீடுகள் பலவற்றில் அதன் குழாயும் லோங்காங்கில்தான் முடிகிறது, மேலும், உப்புநீர் தங்கினால் எவர்சில்வரில்கூடப் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும்.

கெப்போங் வாசகி: தென்னைக்கு உப்பு போடுவார்களே, இந்த நீரையும் ஊற்றலாமா? கறிவேப்பிலைக்கு?

தென்னை உப்பைத் தாங்கும் என்பது தென்னங்குழியில் உப்பு போட்ட நம் பெரியவர்களுக்கே தெரியும். ஆனால் குழிக்கு ஒரு பிடி வேறு, வாரத்துக்கு இரண்டு வாளி ஊற்றினால் சேரும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வேறு. களிமண்ணில் சோடியம் ஏறினால் மண் இறுகி, நீரை உள்ளே விடாது. கறிவேப்பிலையும் மல்லிகையும் இலை நுனி கருகிப் பட்டுப்போகும். மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே? லோங்காங்குக்குத்தான்.

புக்கிட் ஜாலில் வாசகர்: கொண்டோ பால்கனியில் இருக்கும் வடிகாலில் ஊற்றலாமா?

கூடாது. பால்கனி வடிகால் பெரும்பாலும் மழைநீர்க் குழாயோடு இணைந்திருக்கும். கழிப்பறைக் கிண்ணம், பின்னர் நல்ல தண்ணீர்.

பெயர், ஊர் குறிப்பிடாத வாசகர்: செப்டிக் டேங்க் உள்ள வீடு. எவ்வளவு ஊற்றினால் கெடும்?

உங்கள் மீன் தொட்டி எத்தனை லிட்டர், வாரத்துக்கு எவ்வளவு மாற்றுகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று ஒன்றையும் எழுதாமல் விடை கேட்பது, எடையைச் சொல்லாமல் மருந்தின் அளவைக் கேட்பது போன்றது. நானாக ஒரு கணக்குப் போடுகிறேன். இந்நாட்டில் கழிவுநீர்க் கட்டமைப்பை வடிவமைப்போர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் என்று கொள்கிறார்கள்; ஐந்து பேர் உள்ள வீட்டில் 1,100 லிட்டருக்குச் சற்று மேல். அதில் 40 லிட்டர் உப்புநீர் கலந்தால் டேங்கில் உள்ள பாக்டீரியாவுக்குப் பெரிய கேடு வராது. ஆளில்லாத வீட்டில் 200 லிட்டரை ஒரே மூச்சில் கொட்டுவதுதான் ஆபத்து. பிரித்து, நாள்விட்டு நாள் ஊற்றுங்கள்.

தஞ்சோங் பூங்கா வாசகர்: என் வீட்டிலிருந்து கடற்கரை ஐந்து நிமிட நடை. கடல்நீரைக் கடலிலேயே ஊற்றினால் என்ன?

இந்தக் கேள்வி பினாங்கிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொருவரும் இதைத் தாமே முதலில் கண்டுபிடித்தது போலக் கேட்கிறார்கள். ஐயா, உங்கள் தொட்டியில் இருப்பது கடல்நீர் அன்று. பொட்டல உப்பைக் கரைத்து, செங்கடல் மீனையும் கரீபிய நண்டையும் இந்தோனேசியப் பவளத்தையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து, அவற்றின் கழிவும் ஒட்டுண்ணிகளும் மருந்தும் ஊறிப்போன நீர் அது. வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட்டிருந்தால், மீனைக் காப்பாற்றும் அதே அளவு இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

1984ஆம் ஆண்டில் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, கடலடியில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்பில் காலெர்ப்பா பாசி தென்பட்டது. தொட்டி அழகுக்காக வளர்க்கப்பட்ட அந்த வகை பின்னர் மத்தியதரைக் கடலோரம் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியக் கடற்கழி ஒன்றில் அதையே கண்டவர்கள், தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் குளோரினைச் செலுத்தி, 2006இல்தான் ஒழிந்தது என்று அறிவிக்க முடிந்தது. செலவு ஏறக்குறைய 70 லட்சம் அமெரிக்க டாலர். ஒரு சென்டிமீட்டர் துண்டு போதும், அது மீண்டும் தழைக்கும். நீங்கள் குழாய் வைத்து நீரை இறக்கும்போது வாளியில் விழுவது அத்தகைய துண்டுகள்தாம்.

காலெர்ப்பா நம் கடலிலும் உண்டே என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். உண்டு. சிங்க மீனும் நம் கடலின் மீன்தான். 1985இல் ஃபுளோரிடா அருகே தென்பட்ட அது, இன்று கரீபியக் கடல் எங்கும் உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. அங்கிருந்து வந்தவை இங்கே என்ன செய்யும் என்பதைத் தெலுக் பஹாங் மீனவர்களின் செலவில் சோதித்துப் பார்க்க உங்களுக்கோ எனக்கோ உரிமையில்லை. கழிப்பறைக் கிண்ணம், பின்னர் நல்ல தண்ணீர். நோய் கண்ட தொட்டியானால், 20 லிட்டருக்கு 100 மில்லி குளோராக்ஸ் (துணி வெளுக்கும் ப்ளீச்) கலந்து, காற்றோட்டமான இடத்தில் ஓர் இரவு வைத்திருந்து ஊற்றுங்கள். குளோராக்ஸோடு வினிகரையோ வேறு எந்தத் திரவத்தையோ சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

ஜெலுத்தோங் வாசகர்: ஜோவா பவளம் ஒட்டிய பழைய லைவ் ராக்கை (தொட்டிக்குள் வைக்கும், உயிரினங்கள் ஒட்டி வாழும் பாறையை) எறிவதற்கு முன் கொதிக்க வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இவ்வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டு. ஆவியோடு அது மூச்சுக்குள் போய்க் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தேய்க்காமல், நீரைப் பீய்ச்சாமல், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, குளோராக்ஸ் கலந்த நீரில் வெளியிடத்தில் ஊறவையுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகி: ஸ்கிம்மர் (தொட்டி நீரின் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) கோப்பையில் சேரும் பழுப்பு நீரைச் செடிக்கு உரமாக இடலாமா?

அதுவும் உப்புநீர்தான். கழிப்பறைக் கிண்ணம்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: தொட்டிக்கான நீரைத் தூய்மையாக்கும் ஆர்.ஓ. வடிகட்டிக் கருவி வெளியேற்றும் நீரையும் கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. உப்பைச் சேர்ப்பது அதற்குப் பிறகுதானே! ஒரு லிட்டர் தூய நீருக்கு மூன்று, நான்கு லிட்டர் வெளியேறும்; செடிக்கு ஊற்றலாம், கார் கழுவலாம். வாளியில் நாள்கணக்கில் திறந்து வைக்காதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும்.