காற்று வந்தால் அழும் குழந்தைக்கு என்ன சொல்வது?

கேள்வி: மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பலத்த காற்றைப் பற்றி எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

முதலில் சத்தத்தைச் சொல்லுங்கள். காற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஊட்டியில் நாங்கள் குடியிருப்பது தகரக் கூரை வீடு. 2019 ஆகஸ்டில், ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வாரம், என் மகளுக்கு நான்கு வயது. இரவெல்லாம் கூரை படபடத்தது. சாப்பிடாத பிள்ளையைத் தூக்கிப்போகப் பூச்சாண்டி வந்திருக்கிறான் என்று என் மாமியார் சொல்லிவைத்தார். சோறு இறங்கியது, தூக்கம் போய்விட்டது.

மறுநாள் காலி பாட்டில் ஒன்றின் வாயில் ஊதிக் காட்டினேன். 'ஊ' என்றது. அவளும் ஊதினாள். பிறகு சமையலறை ஜன்னலை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்தேன். அங்கேயும் அதே 'ஊ'. வெளியே கூட்டிப்போய், ஆணி தளர்ந்து தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்த தகரத்தையும் காட்டினேன். (வீட்டுக்காரர் மூன்று மாதமாக "நாளைக்கு" என்று சொல்லிவந்த ஆணி அது.)

காற்று ஏன் ஓடுகிறது என்பதற்குப் பலூன். ஊதிய பலூனின் வாயைக் கன்னத்தருகே பிடித்துத் திறந்துவிட்டால் புஸ்ஸென்று அடிக்கும். உள்ளே நெருக்கடி, வெளியே இடம். அதனால் ஓடி வருகிறது. வெயிலில் கடலைவிட நிலம் அதிகம் சூடேறி, அதன் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்துக்கு அரபிக்கடல் பக்கமிருந்து காற்று பாய்கிறது. வழியில் சுவர் போல நம் மலை நிற்கிறது. இது உங்களுக்கு. குழந்தைக்குப் பலூன் போதும்.

மேற்கிலிருந்து வருவதற்குக் 'கோடை' என்று பெயர் என்று பெருமையாகச் சொன்னேன். "கோடை என்றால் எதற்கு ஸ்வெட்டர்?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்றில் மட்டும் பொய் வேண்டாம். "மரம் விழுமா?" என்று கேட்டாள். "சில மரம் விழும்" என்றேன். மண் ஊறினால் வேரின் பிடி தளர்ந்துவிடும். எங்கள் தெருவிலேயே ஒரு கற்பூர மரம் சாய்ந்து கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். விழாது என்று சொல்லியிருந்தால் பூச்சாண்டி இல்லை என்பதையும் நம்பியிருக்க மாட்டாள். மரத்தை ஒட்டிய அறையில் படுக்க மாட்டோம், காற்றடிக்கும்போது மரத்தடியில் நிற்க மாட்டோம், அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கமே போக மாட்டோம் என்று விரல் மடக்கிச் சொல்லவைத்தேன்.

அன்று இரவு மறுபடியும் கூரை படபடத்தது. போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: "அம்மா, அந்த ஆணி."