லொங்காங்கும் புத்ராஜெயாவும்

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தை விடாமல் படிக்கிறேன். ஆனால் கொஞ்ச நாளாக ஏமாற்றமாக இருக்கிறது. நம் மலேசியாவில் பெட்ரோல் மானியம், அமைச்சரவை, நீதிமன்ற வழக்கு என்று எவ்வளவோ ஓடுகிறது. நீங்களோ நம் ஊர் லொங்காங் (சாக்கடை) அடைப்பு, எரியாத தெருவிளக்கு, பாசார் மாலாம் (இரவுச் சந்தை) முடிந்ததும் கிடக்கும் குப்பை என்றே எழுதுகிறீர்கள். இதையெல்லாம் நம் மக்கள் பிரதிநிதியான ஒய்.பி.யிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடாதா? நான் பிறந்த தோட்டத்துக்குப் போகும் பாதை இன்னும் செம்மண்தான். மழைக்காலத்தில் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது பெரும் பாடு. எத்தனையோ ஒய்.பி. வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மேலே அரசியல் மாறினால்தான் இந்தப் பாதை மாறும் என்று நான் நம்புகிறேன். அதை எழுதுங்கள். எழுத பயமா?

கு.

*

அன்புள்ள தம்பி,

பயமில்லை. காலையில் மின்னல் எஃப்.எம். செய்தி கேட்காமல் எனக்குப் பொழுது விடியாது. எல்லாவற்றிலும் கருத்தும் உண்டு. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். 2025 செப்டம்பர் கடைசியில் வந்த பெட்ரோல் திட்டம், அதாவது அடையாள அட்டையைக் காட்டினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 காசு, தொடங்கியபோது மாதம் 300 லிட்டர் வரை, அது எனக்குப் பிடித்த திட்டம். மோட்டாரில் தொழிற்சாலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு அந்த அளவு தாராளம், மானியம் யாருக்குப் போகவேண்டுமோ அவர்களுக்குப் போகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதும் நல்லதுதான். 2025 பிப்ரவரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு வந்தது, ஆகஸ்டில் சின்ன முதலாளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் குத்தகைக்காரரின் கீழே குலை வெட்டுகிறவருக்கு அந்த 1,700 முழுதாகக் கைக்கு வருகிறதா, சம்பளச் சீட்டு கொடுக்கிறார்களா என்று நம் ஊரில் யார் பார்க்கிறார்கள்? அரசாங்கத் தலைமையகமான புத்ராஜெயாவில் போடும் சட்டம் நம் ஊர் முச்சந்தி வரைக்கும் வந்து சேர்ந்ததா என்பதுதான் எனக்கு நாட்டுச் செய்தி. அதனால்தான் லொங்காங்கைப் பற்றி எழுதுகிறேன்.

ஒய்.பி.யிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்கிறீர்கள், அடுத்த வரியிலேயே எத்தனையோ ஒய்.பி. வந்து போனார்கள் என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. லொங்காங் அவர் வேலை இல்லை, தம்பி. நாடாளுமன்றத்துக்குப் போனவர் சட்டம் போட, பட்ஜெட்டைக் கேள்வி கேட்கப் போனவர். சட்டமன்றத்துக்குப் போனவர் மாநில விஷயத்துக்கு. நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) லொங்காங், குப்பை, தெருவிளக்கு, பாசார் மாலாம் உரிமம் எல்லாம் மாவட்ட மன்றத்தின் வேலை, அதற்கென்று நம் பகுதிக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கோயில் திருவிழாக் கூட்டத்தில் இதையே கேட்டுப் பார்த்தேன். பிரதமர் பெயர், எதிர்க்கட்சித் தலைவர் பெயர், அமெரிக்க அதிபர் பெயர் எல்லாம் சின்னப் பையன் கூடச் சொல்கிறான். கவுன்சிலர் பெயரைச் சொல்ல ஆளில்லை.

அது மக்கள் குற்றமில்லை. நாம் ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் தெரியவில்லை. இந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தலை 1965 மார்ச்சில் நிறுத்திவைத்தார்கள். இந்தோனேசியாவோடு கொன்ஃப்ரொந்தாசி என்ற மோதல் நடந்துகொண்டிருந்த நேரம், பாதுகாப்பு காரணம் என்றார்கள். அது முடிந்தும் தேர்தல் திரும்ப வரவில்லை. 1976இல் வந்த உள்ளாட்சிச் சட்டம், சட்டம் 171, அந்தக் கதவை மூடியே விட்டது. இப்போது ஒரு மன்றத்துக்குத் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசு நியமிக்கிறது, ஒரு தவணைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் கிடையாது, மறுநியமனம் செய்யலாம். நடைமுறையில் ஆளும் கட்சிகள் இடங்களைப் பிரித்துக்கொள்கின்றன. நல்ல கவுன்சிலர்கள் இல்லை என்று சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு வெள்ளத்தில் இறங்கி நின்றவரை எனக்குத் தெரியும். ஆனால் அவரை அங்கே வைத்ததும் எடுத்ததும் கட்சி. நமக்கு அதில் பேச்சில்லை.

இதில் நம்மவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. தேர்தலை நிறுத்திய அதே 1965இல் அரசாங்கம் ஒரு அரச விசாரணை ஆணையம் வைத்தது. அதற்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனின் கணவர். அந்த ஆணையம் மேற்கு மலேசியாவில் உள்ள மன்றங்களை ஆராய்ந்து 1968 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது: உள்ளாட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று. ஒரு தமிழர் தலைமையில் எழுதப்பட்ட, இந்த நாட்டுக் குடியாட்சிக்கு முக்கியமான அறிக்கை அது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறோமா? எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, ஏன் திரும்பக் கொண்டுவரவில்லை? 2025 தொடக்கத்தில் கோலாலம்பூருக்கு மட்டுமாவது தேர்தல் வைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது வழக்கமான பதில் வந்தது, இனப்பிளவு வரும், 1969 மே 13 இனக் கலவரம் மாதிரி ஆகிவிடும் என்று. மே 13 எப்போது வந்தது? 1969 மே 10ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தலுக்குப் பிறகு. உள்ளாட்சித் தேர்தல் நின்று அதற்குள் நான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்தத் துயரத்தின் பழியை அதன் மேல் போடுவது எப்படி நியாயம்? அதற்கு முன்னால் என்ன நடந்தது என்றும் பாருங்கள். ஜார்ஜ்டவுனில் 1951இலேயே நகராட்சித் தேர்தல் நடந்தது, மலாயா நாடாளுமன்றத்தைப் பார்ப்பதற்கு முன்பே. அந்த நகரத்தின் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர், தமிழர். சீனர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஊர் அது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி மன்றத்தை நடத்தியது, அதுவும் சீன வாக்காளர் நிறைந்த ஊர்தான். லொங்காங்குக்கு ஓட்டுப் போடும்போது மனிதன் யார் வேலை செய்வான் என்று பார்க்கிறான். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

பினாங்கு மாநிலம் தானே சட்டம் போட்டு நடத்திவிடலாம் என்று முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. ஆக இதை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். மேலே மாறினால்தான் கீழே மாறும் என்று நீங்கள் எழுதியதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அதனால் அடுத்த தேர்தலில் வேட்பாளர் கைகூப்பி வரும்போது, உள்ளாட்சித் தேர்தல் பற்றி உங்கள் நிலை என்ன என்று கேளுங்கள். அரிசி மூட்டையைப் பற்றிக் கேட்க வேண்டாம். 18 வயதில் ஓட்டு, பதிவு செய்யாமலே பெயர் பட்டியலில் வருவது, இது இரண்டும் 2019இல் அரசியலமைப்பைத் திருத்தி 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இளைஞர்கள் சும்மா விடாமல் கேட்டதால் வந்தது. இதையும் கேட்டால் வரும்.

இப்போது உங்கள் பாதைக்கு வருகிறேன், ஏனென்றால் கடிதத்தில் என்னைத் தூங்க விடாத வரி அதுதான். அம்மாவை மழையில் கொண்டுபோக முடியாதது.

அந்தப் பாதை யாருடையது, தம்பி? இந்தக் கேள்வியை யாராவது உங்கள் தோட்டத்தில் கேட்டிருக்கிறார்களா? நம் பெற்றோர் காலத்தில் வீடு, தண்ணீர், பிள்ளைக்காப்பகம், பாதை எல்லாம் கம்பெனி. குறை இருந்தால் மேஸ்திரியான மண்டோரிடம் சொல்வார்கள், மண்டோர் எழுத்தரான கிராணியிடம், கிராணி தோட்ட மேலாளரான துரையிடம். தோட்டம் தனியார் நிலம், அதனால் அரசாங்கம் உள்ளே வராது. நாடு சுதந்திரம் அடைந்து எத்தனையோ திட்டம் வந்தபோதும் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) போன பாதையும் விளக்கும் தோட்டத்து வேலிக்கு வெளியேயே நின்றுவிட்டதற்கு இது பெரிய காரணம். அப்புறம் ரப்பர் போய் செம்பனை வந்தது, தோட்டம் துண்டாகி விற்கப்பட்டது, முதலாளி மாறினார், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் மட்டும் அப்படியே. பலர் ஊர் ஓரத்துத் தாமானுக்கு வந்துவிட்டோம், வருஷத்துக்கு இரண்டு முறை சுக்காய் பிந்து (வீட்டு வரி) கட்டுகிறோம். ஆனால் பழக்கம் போகவில்லை. கிராணி இருந்த நாற்காலியில் ஒய்.பி.யை உட்கார வைத்துவிட்டோம். இன்னும் வாய்வார்த்தையாகத்தான் சொல்கிறோம், அவர் தலையாட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்துக்கொண்டு திரும்பி வருகிறோம். வரி கட்டுகிறவன் இப்படிக் கேட்கக் கூடாது.

உங்கள் ஊர்ப்பக்கம் பெரிய சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். எண் மட்டும் இருந்தால் கூட்டரசு சாலை. எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் மாநில சாலை, நம் பேராக் மாநிலத்துக்கு ஏ எழுத்து. இந்த இரண்டையும் பார்ப்பது பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். தாமானுக்குள் இருப்பது மன்றத்தினுடையது. மாநில சாலைகளைப் பராமரிக்க கூட்டரசு அரசாங்கம் ஒவ்வொரு வருஷமும் மாநிலங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது, அதற்கு மாரிஸ் என்ற பதிவேட்டில் சாலை இருக்க வேண்டும். பதிவில் இல்லாத பாதைக்கு அந்தப் பணத்தில் ஒரு காசு கிடையாது. ஒய்.பி. வந்து பார்த்தும் உங்கள் பாதை செம்மண்ணாகவே கிடப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்: நிலம் இன்னும் கம்பெனி பெயரில் இருக்கும், அரசாங்கப் பணத்தைத் தனியார் நிலத்தில் கொட்ட அதிகாரிகள் பயப்படுவார்கள். தேர்தல் சமயத்தில் ஒரு லோரி கல் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள், அடுத்த மழையில் அதுவும் போய்விடும். யார் பிரதமரானாலும் அந்த நிலப் பட்டா தானாக மாறாது.

நிலப் பட்டாவை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். அதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம். உரிமையாளர் யார் என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டியது தெளிவாகிவிடும்: பாதை போகும் நிலத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்லிக் கம்பெனிக்கும், பாதையைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி மாவட்ட அலுவலகத்துக்கும் கடிதம். எழுத்தில் போகட்டும், தேதியோடு, பெற்றுக்கொண்ட முத்திரையோடு. ஒய்.பி.க்கு அதன் நகலைக் கொடுங்கள். அப்போதுதான் அவருக்கும் சட்டமன்றத்தில் எழுந்து கேட்க கையில் ஏதாவது இருக்கும்.

என் லொங்காங் கதையையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. எத்தனையோ முறை வாயால் சொல்லி ஒன்றும் நடக்காத பிறகு நாங்கள் சில பெண்கள் சேர்ந்து மன்றக் கூட்டத்துக்கே போனோம். சட்டம் 171, பிரிவு 23: மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தாலொழிய, கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது. வாசலில் இருந்த ஊழியருக்கு எங்களை எங்கே உட்கார வைப்பதென்றே தெரியவில்லை, அதுவரை யாரும் வந்ததில்லையாம். பிரிவை அச்சடித்துக் கொண்டுபோயிருந்ததால் உள்ளே விட்டார்கள். நாங்கள் பேசவில்லை, பார்வையாளருக்குப் பேச அனுமதி இல்லை, உட்கார்ந்து குறிப்பு எடுத்தோம். பின்வரிசையில் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் பகுதிக் கவுன்சிலர் எழுந்து லொங்காங்கைப் பற்றிக் கேட்டார். சில வாரங்களில் ஆட்கள் வந்து தூர் வாரினார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் இன்னும் தண்ணீர் நிற்கிறது, அதற்காகத்தான் தொடர்ந்து எழுதுகிறேன்.

அந்தத் தண்ணீரை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 2023இல் மட்டும் மலேசியாவில் டிங்கிக் காய்ச்சல் கண்டவர்கள் 1 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேல், இறந்தவர்கள் 100 பேர். நம் வீட்டுப் பூஞ்சாடியில் கொசுப்புழு இருந்தால் சுகாதாரத் துறை வந்து 500 வெள்ளி அபராதம் எழுதுகிறது, எழுதட்டும், சரிதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மன்றத்தின் லொங்காங்கில் இருந்தால் யாருக்கு எழுதுவார்கள்? கோப்பிக் கடையில் அடுத்த பிரதமர் யார் என்று இரண்டு மணி நேரம் பேசுகிற அண்ணன்மார்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பேசட்டும், நாட்டைப் பற்றிப் பேசுவது குடிமகன் உரிமை. அதில் ஒரு பத்து நிமிஷம் இதற்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நீங்கள் முதலில் அந்தப் பாதை போகும் நிலத்தின் லாட் எண்ணைக் கண்டுபிடியுங்கள். தோட்டத்துப் பள்ளியிலோ கோயில் பழைய காகிதங்களிலோ இருக்கும், இல்லையென்றால் அலுவலகக் கிராணியிடம் கேளுங்கள். கிடைத்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள். கடிதத்தை மலாயில் எழுதித் தருகிறேன், தோட்டத்தில் இன்னும் குடியிருக்கும் எல்லாக் குடும்பமும் அதில் கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் அம்மா முதலில். மழைக்காலத்துக்கு முன்னால் அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
அக்கா