கொப்பளிக்கும் பவுடர் கோட்டிங்: கெமிக்கலை மாற்றுமுன் அலசும் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: கோயம்புத்தூரில் மின் பேனல் பெட்டிகள் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறோம். சிஆர் (குளிர்நிலையில் உருட்டிய, பூச்சில்லாத இரும்பு) தகட்டை லேசரில் வெட்டி, ஆசிடில் துரு எடுத்து, பாஸ்பேட்டிங் செய்து, பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியைத் தெளித்து அடுப்பில் உருக்குவது) அடிக்கிறோம். எல்லாத் தொட்டிகளுக்கும் போர் தண்ணீர்தான். தூத்துக்குடிக்கு அனுப்பிய பெட்டிகளில் ஆறு மாதத்துக்குள் பொடிப்பொடியாகக் கொப்பளங்கள் வந்துவிட்டன. விளிம்புகளில் கோட்டிங் செதிலாக உரிகிறது. பவுடரை மாற்றியும் பயனில்லை. பாஸ்பேட் கெமிக்கலை மாற்ற வேண்டுமா? ஜிஐ (துத்தநாகம் பூசிய) தகட்டையும் இதே தொட்டிகளில் போடலாமா?

பதில்: கெமிக்கலை இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. கொப்பளத்துக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் போர் தண்ணீர். விளிம்பு உரிவதற்குக் காரணம் லேசர்.

பாஸ்பேட்டிங் தொட்டியில் நடப்பது இதுதான். கரைசலிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் முதலில் இரும்பைச் சிறிதளவு அரிக்கிறது. அரிக்கும் இடத்தில் அமிலம் செலவாகிவிடுவதால், தகட்டை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் மட்டும் அமிலத்தன்மை குறைகிறது. அங்கே துத்தநாக பாஸ்பேட் கரைந்து நிற்க முடியாமல், தகட்டின் மேலேயே படிகமாக வளர்கிறது. அது பூசப்பட்ட படலம் அல்ல, உலோகத்தோடு பிணைந்து விளைந்தது. பவுடர் அதன் நுண்ணிய இடுக்குகளில் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. பெயின்ட் அல்லது பவுடருக்கு அடியில் சதுர மீட்டருக்கு 1.5 முதல் 4 கிராம் வரை இருந்தால் போதும். கனமாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். கனத்த படிகம் தகடு வளையும்போது நொறுங்கி, பவுடரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இனி தண்ணீர். எந்த பவுடர் படலமும் ஈரத்தை முழுமையாகத் தடுக்காது; நீராவி மெதுவாக ஊடுருவிக்கொண்டேதான் இருக்கும். அடியில் உப்பு இல்லாவிட்டால் அதனால் பெரிய கேடில்லை. இருந்தால், அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கரைந்து, சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுக்கும். படலம் மேலெழும்பிக் கொப்பளமாகும். உப்பு உங்களுக்கு இரண்டு வழிகளில் வருகிறது: போர் தண்ணீர் காய்ந்து விட்டுச்செல்வது ஒன்று, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டியிலிருந்து அடுத்தடுத்த தொட்டிகளுக்குத் தொற்றிவரும் குளோரைடு மற்றொன்று. தூத்துக்குடிக் காற்றின் ஈரம் அங்கே எஞ்சிய வேலையை முடித்துவிடுகிறது.

எனவே கடைசி அலசலுக்கு டிஎம் தண்ணீர் (உப்புகள் நீக்கிய நீர்) கட்டாயம். தகட்டிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து அளந்தால், மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோசீமன்ஸைத் தாண்டக்கூடாது. தொட்டி நீரை அளந்து திருப்திப்படாதீர்கள். தகட்டோடு அடுப்புக்குள் போகும் நீர்தான் முக்கியம். ஆசிடுக்குப் பின் ஒரு தொட்டியில் அலசுவது போதாது. இரண்டு தொட்டிகள் வைத்து, புதிய நீரை இரண்டாவதில் விட்டு, அது வழிந்து முதலாவதுக்கு வரும்படி அமையுங்கள். தண்ணீரும் மிச்சமாகும். பாஸ்பேட்டுக்கு முந்தைய, படிகம் வளரத் தொடக்கப்புள்ளிகளைத் தரும் ஆக்டிவேஷன் தொட்டியிலும் கடினநீர் கூடாது. அதிலுள்ள டைட்டானியம் நுண்துகள்களைக் கால்சியமும் மக்னீசியமும் திரட்டிவிடும், படிகம் பருபருவென்று வளரும்.

இன்னொன்று, சிஆர் தகட்டில் துருவே இல்லாதபோது ஆசிட் தொட்டி எதற்கு? எண்ணெயை மட்டும் எடுத்துவிட்டு நேரே போகலாம். லேசான துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் போதும். அது மெதுவானது, விலையும் கூடுதல், ஆனால் குளோரைடை விட்டுச்செல்லாது.

எண்ணெய் போயிற்றா என்பதை அறியக் கருவி தேவையில்லை. டிகிரீசிங் (எண்ணெய் நீக்கம்) முடிந்து அலசிய தகட்டை நிமிர்த்திப் பிடியுங்கள். அரை நிமிடம் நீர் விரிசல் விடாமல் ஒரே படலமாக நின்றால் சுத்தம். துளித்துளியாகத் திரண்டால் பிசுக்கு இருக்கிறது. அந்தத் தகடு திரும்பிப் போக வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாத பட்டறைகளே அதிகம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பாஸ்பேட் தொட்டியை நிறம் பார்த்து நடத்த முடியாது. 10 மில்லி கரைசலை எடுத்து, பத்தில் ஒரு நார்மல் காஸ்டிக் சோடாவைச் சொட்டுச்சொட்டாக விட்டு அமிலத்தை அளக்கும் டைட்ரேஷன் செய்யுங்கள். புரோமோபீனால் புளூ நிறம் மாறும்வரை செலவான மில்லி அளவு ஃப்ரீ ஆசிட். பீனால்ப்தலீன் இளஞ்சிவப்பாகும்வரை செலவானது டோட்டல் ஆசிட். எந்த அளவில் இருக்க வேண்டும் என்பது கெமிக்கலுக்குக் கெமிக்கல் வேறுபடும். விற்றவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஃப்ரீ ஆசிட் ஏறினால் படிகம் திட்டுத்திட்டாக விழும், தகடு மஞ்சளாகத் துருவேறும். இறங்கினால் பாஸ்பேட் தகட்டில் படியாமல் தொட்டியிலேயே சேறாக இறங்கும். பாஸ்பேட் படிவதை விரைவுபடுத்த டோனர் என்று ஊற்றுகிறீர்களே, அந்த நைட்ரைட், வேலை நடக்காத இரவிலும் சிதைந்துகொண்டிருக்கும். காலையில் அளக்காமல் முதல் லோடை இறக்காதீர்கள். நல்ல பாஸ்பேட் சீரான சாம்பல் நிறமாக இருக்கும்; காய்ந்தபின் விரலால் தேய்த்தால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டாது. சோதனைத் தகட்டைத் தவிர மற்றவற்றை வெறுங்கையால் தொட வேண்டாம், வியர்வையும் உப்புத்தான்.

விளிம்புக்கு வருவோம். ஆக்ஸிஜன் வைத்து லேசரில் வெட்டும்போது வெட்டுமுகத்தில் இரும்பு ஆக்சைடு தோல் உருவாகிறது. பாஸ்பேட் அதன்மேல் வளராது. பவுடர் அந்தத் தோலில் ஒட்டும், தோல் இரும்பில் ஒட்டாது. நைட்ரஜனில் வெட்டுங்கள், அல்லது விளிம்பைக் கிரைண்ட் செய்து எடுங்கள். கூர்முனையையும் மழுக்கிவிடுங்கள், உருகும்போது பவுடர் கூர்முனையை விட்டு விலகி அங்கே மெலிந்துபோகும்.

ஜிஐ தகட்டை ஆசிட் தொட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய துத்தநாகப் பூச்சு சில நிமிடங்களில் கரைந்துவிடும். கடுங்காரமான டிகிரீசிங்கும் அதை அரிக்கும். மிதமான காரத்தில் கழுவி, ஜிஐக்கும் பொருந்தும் என்று விற்றவர் உறுதிசெய்த பாஸ்பேட்டில் போடலாம். அலுமினியத்தை இதே தொட்டியில் இறக்க வேண்டாம். கரையும் அலுமினியம் தொட்டியின் வேலையையே நிறுத்திவிடும். கடலோரப் பெட்டிகளுக்கு ஜிஐ தகட்டையே நான் பரிந்துரைப்பேன். சிஆர்தான் என்றால் எபாக்சி பிரைமரின் மேல் பாலியஸ்டர் பவுடர் அடியுங்கள். எபாக்சியை மட்டும் வெயிலில் விட்டால் சுண்ணாம்புபோல் வெளுத்துவிடும்.

கடைசியில் குரோமிக் பாசிவேஷன் (குரோமியம் கரைசலில் அலசி முடிப்பது) கொடுத்தால் கொப்பளம் வராது என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதிலுள்ள ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது; ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு இன்றும் நிலத்தடி நீருக்குப் பகை. குரோமியம் இல்லாத சிர்கோனியம் கரைசல்கள் கிடைக்கின்றன. பாஸ்பேட் சேற்றையும் சாக்கடையில் விடாமல், அபாயக் கழிவாக உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.

செலவு செய்வதற்குமுன் நான் சொல்வதைச் சோதித்துவிடுங்கள். ஒரே தகட்டிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கடைசியில் போர் தண்ணீரிலும் மற்றொன்றைக் கேன் டிஎம் தண்ணீரிலும் அலசி, ஒரே லோடில் பவுடர் அடியுங்கள். இரண்டையும் 40 டிகிரி நீரில் ஒரு வாரம் ஊறவிட்டு எடுங்கள். போர் தண்ணீர்த் துண்டில் மட்டும் கொப்பளம் கண்டால் டிஎம் பிளான்டுக்கு ஆர்டர் கொடுங்கள். இரண்டிலும் கண்டால் டிகிரீசிங்கையும் ஆசிட் அலசலையும் முதலிலிருந்து பாருங்கள்.