கேள்வி பதில்: தொலைவிலிருந்து கணினியை இயக்கும்போது மறையாக்கம்

கேள்வி: ஆபீஸ் லினக்ஸ் மெஷினில் விஎன்சி (தொலைவிலிருந்து திரையைப் பார்த்து இயக்கும் மென்பொருள்) ஓடுகிறது, பாஸ்வேர்டும் வைத்தாச்சு. ரவுட்டரில் அதன் 5901 போர்ட்டை (வெளியிலிருந்து இணையும் வாசல்) திறந்துவிட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா சார்?

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள். பழைய விஎன்சி பாஸ்வேர்டு முறையில் முதல் 8 எழுத்துதான் கணக்கு. நுழைந்த பிறகும் திரையில் தெரிவது, நீங்கள் தட்டுவது எல்லாம் மறையாக்கம் (மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டுதல்) இல்லாமல்தான் போகும். டைகர்விஎன்சி போன்றவற்றில் டிஎல்எஸ் என்ற மறையாக்க வசதி உண்டு. ஆனாலும் எஸ்எஸ்எச் டனல்தான் என் சிபாரிசு. எஸ்எஸ்எச் என்பது சர்வரில் பாதுகாப்பாக நுழையும் வழி; மற்ற இணைப்பை அதற்குள் பூட்டி அனுப்புவதுதான் டனல்.

சர்வரில் விஎன்சியை '-லோக்கல்ஹோஸ்ட்' ஆப்ஷனோடு (அதே மெஷினிலிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்) தொடங்குங்கள். பிறகு எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று காட்டும் 'எஸ்எஸ் -டிஎல்என்' கொடுத்துப் பாருங்கள். 127.0.0.1:5901 என்று வந்தால் சரி. 0.0.0.0:5901 என்று வந்தால் இன்னும் வெளியே திறந்துதான் கிடக்கிறது. அடுத்து வீட்டு மெஷினில்:

எஸ்எஸ்எச் -என் -எல் 5901:லோக்கல்ஹோஸ்ட்:5901 பயனர்@சர்வர்

என், எல் இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து. அந்த விண்டோவை மூடாமல், விஎன்சி வியூவரில் லோக்கல்ஹோஸ்ட்:5901 கொடுங்கள். வெளியே திறக்க வேண்டியது எஸ்எஸ்எச்சின் 22 மட்டும்.

கேள்வி: அதேபோல் செய்தேன். ஒரு தடவை 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்', இன்னொரு தடவை 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'.

பதில்: முதல் பிழை உங்கள் பக்கம். உங்கள் மெஷினில் வேறு ஏதோ 5901-ஐப் பிடித்திருக்கிறது. இடப்பக்க எண்ணை மட்டும் 5999 ஆக்கி, வியூவரிலும் அதையே கொடுங்கள். இரண்டாவது, வியூவரைத் திறந்ததும் எஸ்எஸ்எச் விண்டோவில் 'சேனல் ஓப்பன் ஃபெயில்டு' என்பதோடு வந்தால், டனல் நன்றாக இருக்கிறது, சர்வரில் விஎன்சிதான் அந்தப் போர்ட்டில் இல்லை. விஎன்சி டிஸ்ப்ளே (திரை எண்) 2-இல் ஓடினால் போர்ட் 5902.

கேள்வி: சர்வரின் ஹோஸ்ட் கீ (அதன் அடையாளச் சாவி) மாறிவிட்டது என்று எஸ்எஸ்எச் பெரிதாக எச்சரிக்கிறது. நோன்-ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (ஏற்கெனவே அறிந்த சர்வர்களின் கீ பட்டியல்) அந்த வரியை அழித்தால் போதுமாமே?

பதில்: காரணம் தெரியாமல் அழிக்காதீர்கள். ஓஎஸ்ஸை மறுபடி போட்டாலோ, அதே ஐபி வேறு மெஷினுக்குப் போனாலோ கீ மாறும். இரண்டும் இல்லையென்றால் நடுவில் யாரோ உட்கார்ந்திருக்கலாம். எவ்வளவு வலுவான மறையாக்கமும் அங்கே உதவாது. நீங்கள் பூட்டி அனுப்புவதே அந்த ஆளிடம்தான். சர்வரின் கன்சோலில் (எஸ்எஸ்எச் வழியாக இல்லாமல் நேரடியாக) 'எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப்' கொடுத்து ஹோஸ்ட் கீயின் கைரேகையை (அந்தக் கீயைக் குறிக்கும் சுருக்க எழுத்துத் தொடர்) எடுங்கள். எச்சரிக்கையில் இருப்பதோடு முழுசாக ஒத்துப்பாருங்கள். கடைசி நான்கு எழுத்து போதாது. பொருந்தினால் மட்டும் 'எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர்' (பெரிய எழுத்து) கொடுத்துப் பழையதை நீக்குங்கள். ஒரு சர்வரில் முதல் தடவை இணையும்போது, நம்பலாமா என்ற கேள்விக்கு 'எஸ்' (ஆம்) அடிக்கும்போதும் இதே சோதனைதான்.

கேள்வி: கீ (சாவி ஃபைல்) மட்டும் போதும் என்று எஸ்எஸ்எச் அமைப்பில் பாஸ்வேர்டு ஆதென்டிகேஷனை 'நோ' ஆக்கியும் பாஸ்வேர்டு கேட்கிறது. உபுண்டு கிளவுட் சர்வர்.

பதில்: எஸ்எஸ்எச்டியின் (எஸ்எஸ்எச்சின் சர்வர் பக்க ப்ரோகிராம்) எஸ்எஸ்எச்டி-கான்ஃபிக்.டி ஃபோல்டரில் 50-கிளவுட்-இனிட் ஃபைலைப் பாருங்கள், அதில் 'எஸ்' (ஆம்) இருக்கலாம். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் படித்ததே செல்லும். 'எஸ்எஸ்எச்டி -டி' (பெரிய டி) உண்மையில் அமலில் இருப்பதைக் காட்டும். மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யும்போது பழைய செஷனை மூடாதீர்கள். புது விண்டோவில் கீயோடு நுழைய முடிந்த பிறகே மூடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் ஆர்டிபியில் (விண்டோஸின் தொலை இயக்க வசதி, போர்ட் 3389) ஏற்கெனவே மறையாக்கம் இருக்கிறதே, 3389-ஐத் திறக்கலாமா?

பதில்: கூடாது. செஷன் மறைந்திருந்தாலும் லாகின் வாசல் உலகத்துக்கே திறந்திருக்கும். வயர்கார்டு விபிஎன்னுக்குள் (உங்கள் மெஷின்களுக்கு மட்டுமான மறையாக்கப்பட்ட தனி வலையமைப்பு) வையுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்எச் கீ இருந்த லேப்டாப் தொலைந்துவிட்டது.

பதில்: ஒவ்வொரு சர்வரிலும் ஆதரைஸ்டு-கீஸ் ஃபைலில் (நுழைய அனுமதி உள்ள கீ பட்டியல்) அந்தக் கீயின் வரியை உடனே நீக்குங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் அதனால் அறுந்துவிடாது. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் 'ஹூ' கொடுத்துப் பாருங்கள்; 'என்' போட்ட டனல் அதில் தெரியாது என்பதால் ஓடும் ப்ரோகிராம்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்'ஸில் எஸ்எஸ்எச்டி ப்ராசஸ்களையும் தேடி நிறுத்துங்கள்.