115 நாள் சீர்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு நகரம் தன் எல்லைக்குள் குறைந்தபட்சக் கூலியை உயர்த்த நினைத்தால், மாநில அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிடுகிறதாமே? ஆனாலும் ஊருக்கு ஒரு கூலி என்றால் குழப்பம்தானே! மாநிலம் முழுவதும் ஒரே சீராக இருப்பது நல்லதில்லையா?
(உத்தமபாளையம் வாசகர்)

பதில்: 'ஒரே சீராக' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் கோபிக்க மாட்டேன். அலபாமா மாநிலச் சட்டமன்றமும் 2016-ல் இதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. அவர்கள் போட்ட தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'சீரான குறைந்தபட்சக் கூலி' வருகிறது.

சீர் நம் மொழியில் லேசுப்பட்ட சொல்லா? பெண்ணுக்குத் தாய்வீடு செய்வது சீர். புலவர் விரல் விட்டு எண்ணுவது சீர். பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுப்போவது சீருடை. (அகத்தைச் சீராக்குவதால்தான் சீரகம் என்று கடிதம் எழுத இப்போதே ஒன்பது பேர் பேனாவைத் திறந்திருப்பீர்கள். மூடுங்கள். அது வடமொழி ஜீரகம். முன்பும் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை.) இந்தப் பக்கத்துக்கு வெண்பாவிலேயே கேள்வி அனுப்பும் அன்பர் ஒருவர் இருக்கிறார். எல்லா அடியும் நாலு சீராக இருக்கும்போது கடைசி அடி மட்டும் ஏன் மூன்று என்று அவருக்கு ஒரு நாள் நியாய உணர்வு பொங்கிவிட்டது. ஈற்றடியிலும் நாலு சீர் வைத்து அனுப்பினார். நான் அச்சேற்றவில்லை. அன்றிலிருந்து என்னை 'யாப்புச் சர்வாதிகாரி' என்று விளித்துத்தான் கடிதத்தைத் தொடங்குகிறார். ஒரே சீராக்கினால் அது வெண்பாவாக இருக்காது, ஐயா. நான் என்ன செய்ய?

சீருடைக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் காக்கி அரைக்கால்சட்டை. என் அம்மா தையல்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "கீழே நாலு விரற்கடை உள்ளே மடித்துத் தையுங்கள், பையன் வளர்கிறான்." ஆறாம் வகுப்பில் முழங்காலைத் தொட்ட சட்டை, மடிப்பைப் பிரித்துவிட்டால் எட்டாம் வகுப்பிலும் தொடும். பிரித்த இடத்தில் மட்டும் வெயிலே காணாத துணி, கரும்பட்டையாகத் தெரியும். வகுப்பில் பாதிப் பேர் காலில் அந்தப் பட்டை இருந்தது. எங்கள் தலைமையாசிரியர் பிரம்பு பேசும் மனிதர். அவர்கூட ஒரு நாளும், "சீருடை சீராக இல்லை, மடிப்பைத் திரும்பத் தைத்துக்கொண்டு வா" என்று சொன்னதில்லை.

அமெரிக்க மத்திய அரசு தைத்துக் கொடுத்த கால்சட்டையின் அளவு மணிக்கு 7.25 டாலர். தைத்தது 2009 ஜூலையில். பையனுக்கு மீசை முளைத்துவிட்டது, மடிப்பை இன்னும் பிரிக்கவில்லை. அலபாமாவுக்கு மாநிலக் கூலிச் சட்டமென்று ஒன்று கிடையவே கிடையாது. மத்திய அரசின் 7.25தான் அங்கே எல்லாம். பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் பர்மிங்காம் மாநகர மன்றம் தானே மடிப்பைப் பிரித்தது. மணிக்கு 10.10 டாலர், 2016 பிப்ரவரி 24 முதல் அமல். மறுநாள் 25-ம் தேதி ஆளுநர் ராபர்ட் பென்ட்லி தடைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். (அங்கே ஆளுநர் ஓட்டு வாங்கி வருகிறவர். பழக்கதோஷத்தில் ஊர்க் கோபத்தை அவர்மேல் காட்டிவிடாதீர்கள்.) வாரத்துக்கு 40 மணி நேரம் உழைப்பவருக்கு 404 டாலர் கைக்கு வரவேண்டியது, 290-லேயே நின்றது. தனக்கென்று ஒரு கூலி வைத்திராத மாநிலம் கூலியில் சீர்மை கேட்கிறது! அந்த நகரத்து மக்களில் அப்போது நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் கறுப்பினத்தவர் என்பதையும், மசோதாவைக் கொண்டுவந்தவர் பக்கத்திலுள்ள மவுண்டன் புரூக் என்ற பணக்கார வெள்ளையர் புறநகரின் உறுப்பினர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். வழக்கு நடந்தது. மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல்மேல் வழக்குப் போட்டது செல்லாது என்று 2019 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு தள்ளிவிட்டது. நியாயம் யார் பக்கம் என்ற கேள்விக்கே அது போகவில்லை.

குழப்பம் என்கிறீர்கள். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடைக்காரருக்குக் கணக்கு எழுதச் சிரமம், உண்மைதான். ஆனால் அதே அலபாமாவில் மாநில விற்பனை வரி 4 சதவீதம், அதன் மேல் ஊருக்கு ஊர் தனி வரி. கல்லாப்பெட்டியில் வாங்கும்போது வராத குழப்பம், கூலி கொடுக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

இதற்கெல்லாம் பாட்டன் அயோவாவில் ஜான் டில்லன் என்ற நீதிபதி. நகரங்களுக்கு உயிர்மூச்சு ஊதுவது சட்டமன்றம்தான், படைத்தது அழிக்கவும் செய்யலாம் என்று 1868-ல் எழுதிவைத்தார். பிரம்மாவும் எமனும் ஒரே அலுவலகத்தில். வாஷிங்டனைப் பார்த்து 'மாநில உரிமை' என்று மேசையைக் குத்துகிறவர்கள், மேயர் உள்ளே வந்தால் டில்லனை எடுத்து நீட்டுவார்கள். நமக்கும் சிரிக்க யோக்கியதை இல்லை. சென்னைக்கு 2016 முதல் 2022 வரை மேயரே கிடையாது. அதைப் பற்றி நான் புலம்பி எழுதியபோது, 'ஆசிரியருக்கு வேறு வேலை இல்லையா' என்று கேட்டது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். கையெழுத்து ஒத்துப்போகிறது. கூலி நிர்ணயிக்கும் அதிகாரமோ நம் மாநகராட்சிகளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 1948-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அது மத்திய, மாநில அரசுகளின் சமாசாரம். பிடுங்குவதற்கு எதுவும் இல்லாததால் பிடுங்கவில்லை.

பிடுங்குவது என்றதும் தாய்வீட்டுச் சீர் நினைவுக்கு வருகிறது. கல்யாணத்தில் கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கை ஆடிக்குள் திருப்பிக் கேட்ட மாமனாரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மிசூரி மாநிலம் அந்த மாமனார். செயின்ட் லூயிஸ் நகரம் தன் கூலிச் சட்டத்துக்காக மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்து, 2017 மே 5 முதல் மணிக்கு 10 டாலர் என்றது. ஆகஸ்ட் 28-ல் மாநிலத்தின் தடைச் சட்டம் அமலுக்கு வந்து, கூலி 7.70-க்கு இறங்கியது. ஏறியது தங்கியது 115 நாள். கடைக்காரர்கள் பலர் வெட்கப்பட்டு, 10 டாலரே தொடர்ந்து தருவோம் என்று அறிவித்தார்கள். 2018-ல் மிசூரி மக்களே ஓட்டுப் போட்டு, மாநிலம் முழுவதும் படிப்படியாக 12 டாலர் என்று தீர்த்தார்கள். நீங்கள் கேட்ட ஒரே சீர் இதோ, மேல் நோக்கி!

சட்டமன்றத்துக்கு இந்தச் சீர் பிடித்ததா? 2024-ல் மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டு, 15 டாலர் கூலியும் சம்பளத்தோடு நோய் விடுப்பும் கேட்டு வாங்கினார்கள். விடுப்பு 2025 மே 1-ல் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றம் அதை ரத்து செய்தது. ரத்து அமலுக்கு வந்த தேதி, அதே ஆகஸ்ட் 28. இந்த முறை 119 நாள். நாலு நாள் கூடுதல்.