முதல் புதிய மோட்டார் சைக்கிளை நியாயமான விலைக்குப் பேசி வாங்குவது எப்படி?

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். முதன்முறையாக 125 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதிதாக வாங்கப் போவதாகவும், மட்டக்களப்பில் விசாரித்த இடத்தில் "இது கம்பனி விலை, ஒரு ரூபாவும் குறைக்க ஏலாது" என்று சொல்லிவிட்டதாகவும், கையில் பாதியளவு பணமே இருப்பதால் மீதியை லீசிங்கில் போடச் சொல்வதாகவும் குறிப்பிட்டு, நியாயமான விலைக்கு எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கல்முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் முகவரிடம் கணக்குப் பகுதியில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால், மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை வைத்தே பதில் சொல்கிறேன்.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் அதிகம். நம் ஊரில் ஓடும் 100, 125 சிசி வண்டிகளின் விற்பனை விலையை இறக்குமதி செய்யும் அல்லது இங்கேயே பொருத்தும் கம்பனி தீர்மானிக்கிறது. அதில் சுங்க வரி, உற்பத்தித் தீர்வை, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரி எல்லாம் அடங்கிவிடுவதால், கடைசியில் வண்டியை விற்கும் முகவருக்கு மிஞ்சும் பங்கு நாம் நினைப்பதை விடச் சிறியது. அந்த விலையில் ஐம்பதாயிரம் குறையுங்கள் என்று கேட்டு நின்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் வண்டியின் விலைக்கும், வண்டி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்வரை நீங்கள் கொடுத்து முடிக்கும் மொத்தப் பணத்துக்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கிறது. பேரம் பேச வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

முதலில் யாரிடம் பேசுகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பனியே நேரடியாக நடத்தும் கிளையில் மேசையில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். விலையைக் குறைக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, கம்பனி ஏதாவது சலுகை அறிவித்திருந்தால் அதை மட்டும் தரமுடியும். அனுமதி பெற்ற தனி முகவரின் கடையில் நிலைமை வேறு. முதலாளி தன்னுடைய பங்கில் இருந்து விட்டுக்கொடுக்கலாம். ஆனால் விற்பனைப் பையன் விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே முதலாளி கடையில் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். மாத முடிவில் போவது இன்னும் நல்லது, ஏனென்றால் முகவர்களுக்கு மாதம் இத்தனை வண்டி விற்க வேண்டும் என்று கம்பனி இலக்கு வைத்திருக்கும். அதில் ஒன்றிரண்டு குறைந்திருக்கும் மாதத்தில் மாதத் தொடக்கத்தில் கிடைக்காத தயவு கடைசி நாட்களில் கிடைக்கும். பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கையில் புழங்கும் வாரங்களைத் தவிருங்கள். அப்போது படுவான்கரையில் இருந்தும் அம்பாறைப் பக்கத்தில் இருந்தும் கேட்ட விலைக்கு வாங்க ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள், உங்களிடம் குறைத்துக் கொடுக்க யாருக்கும் அவசரம் இராது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பிறகு பல ஆண்டுகள் பழைய வண்டியே புதிய வண்டியின் விலைக்கு விலைபோன காலம் நினைவிருக்கும். "விருப்பமென்றால் எடுங்கள், இல்லாவிட்டால் ஆள் இருக்கிறது" என்ற பேச்சு விற்பவர்களின் வாயில் ஏறியது அப்போதுதான். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் இறக்குமதி திறக்கப்பட்டுவிட்டது. பழக்கம் மட்டும் சிலரிடம் போகவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வாய்வார்த்தை விலையை ஏற்காமல், கடையின் முத்திரையுடன் கொட்டேஷன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் வண்டியின் விலை தடித்த எழுத்தில் மேலே இருக்கும். அதற்குக் கீழே பதிவுக் கட்டணம், இலக்கத் தகடு, காப்புறுதி, ஆவணக் கட்டணம், கையாளுகைக் கட்டணம், சில வேளை "இதர செலவு" என்று வரிசையாக வரும். இவற்றில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் செலுத்தும் பதிவுக் கட்டணம் அரசு நிர்ணயித்தது, அதில் பேச எதுவும் இல்லை; ஆனால் திணைக்களத்தின் பற்றுச்சீட்டைத் தரும்படி கேட்கலாம், கேட்பேன் என்று முன்கூட்டியே சொன்னால் அந்த வரியில் உள்ள தொகை சில கடைகளில் தானாகவே ஒழுங்குக்கு வரும். ஆவணக் கட்டணமும் கையாளுகைக் கட்டணமும் கடைக்காரர் தாமே வைத்தவை. என் அனுபவத்தில், வண்டி விலையில் ஐயாயிரம் குறைக்கத் தயங்கிய முதலாளிகள் இந்த இரண்டு வரிகளையும் பேனாவால் வெட்டிவிட அவ்வளவு தயங்கியதில்லை, ஏனென்றால் கம்பனிக்குக் கணக்குக் காட்ட வேண்டியது மேலே இருக்கும் வண்டி விலைக்கு மட்டுமே.

கொக்கட்டிச்சோலையில் இருந்து மகனுக்கு வண்டி எடுக்க வந்த ஒரு பெரியவரைச் சொல்ல வேண்டும். எங்கள் விற்பனைப் பையன் எஞ்சின், மைலேஜ், டிஸ்க் பிரேக் என்று விளக்கிக்கொண்டே போனான். அவர் கதிரையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் "மனே, எல்லாம் முடிய என்ட கையால எவ்வளவு போகும்? அதை மட்டும் எழுதித் தா" என்றார். பையன் எழுதிக் கொடுத்த கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாறன்" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் இன்னொரு கடையின் கடதாசியுடன் வந்தார். எங்கள் முதலாளி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஆவணக் கட்டணத்தை எடுத்துவிட்டார், தலைக்கவசம் இரண்டும் கொடுத்தார். அந்தப் பெரியவர் குரலை உயர்த்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் ஏ4 வீதியில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். களுவாஞ்சிகுடி நடுவில் கிடக்கிறது. இரு பக்கமும் ஒரே வகை வண்டிக்குக் கொட்டேஷன் எடுங்கள். முடிந்தால் அக்கரைப்பற்றிலும் ஒன்று எடுக்கலாம். அதே பிரிவில் போட்டியாக இருக்கும் வேறொரு கம்பனியின் வண்டிக்கும் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. "அங்கே குறைத்துத் தருகிறார்கள்" என்று வெறும் வாயால் சொல்பவரை விற்பனையாளர்கள் தினமும் பார்க்கிறார்கள். கடதாசியைக் காட்டுபவரிடம் வேறு விதமாகப் பேசுவார்கள்.

லீசிங் விஷயத்தில்தான் அதிகமானோர் பணத்தை விடுகிறார்கள். வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். முதலில் ரொக்க விலையை மட்டும் பேசி, எழுத்தில் வாங்கி முடியுங்கள். பிறகு லீசிங்கைத் தனியாகப் பேசுங்கள். லீசிங் கம்பனி ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் கடைக்குத் தரகு கொடுப்பது வழமை என்பதால், ரொக்கத்துக்கு வாங்குபவரை விட லீசிங்குக்கு வருபவரைச் சில கடைகள் கூடுதலாக விரும்பும். அந்தத் தரகும் பேச்சில் உங்களுக்கு ஒரு பிடிதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வண்டிக்கு 7 இலட்சம், நீங்கள் 3 இலட்சம் கட்டி 4 இலட்சத்தை மூன்று ஆண்டுக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "வட்டி 12 சதவீதம்தான்" என்பார்கள். அது முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டும் மாறாமல் கணக்கிடும் வட்டியாக இருந்தால், வட்டி மட்டும் 1,44,000 ரூபா, மாதத் தவணை 15,111 ரூபா. அதே 12 சதவீதம் குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் கணக்கிடப்பட்டால் தவணை 13,286 ரூபாவும் மொத்த வட்டி சுமார் 78,000 ரூபாவும்தான் வரும். அதாவது முதல் வகையில் சொல்லப்படும் 12 சதவீதம், இரண்டாவது வகையில் பார்த்தால் 21 சதவீதத்துக்குச் சமம். கடையில் இரண்டு வகையையும் ஒரே வார்த்தையில்தான் சொல்வார்கள். ஆகவே சதவீதத்தைக் கேட்க வேண்டாம். மாதத் தவணையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, எடுத்த தொகையைக் கழித்துப் பாருங்கள். மாறா வட்டியில் ஒரு சதவீதம் குறைப்பித்தாலும் இந்தக் கணக்கில் 12,000 ரூபா மிச்சம். வண்டி விலையில் அவ்வளவு குறைப்பிக்கப் படாத பாடுபட வேண்டியிருக்கும்.

இரண்டு மூன்று நிதி நிறுவனங்களிடம் நேரடியாகப் போய்க் கேளுங்கள். கடை மேசையில் இருக்கும் ஒன்றோடு நின்றுவிட வேண்டாம். முன்கூட்டியே முழுவதையும் கட்டி முடித்தால் வட்டியில் கழிவு உண்டா, முழுக் காப்புறுதியை உங்கள் விருப்பமான நிறுவனத்தில் எடுக்கலாமா, பிணையாளர் எத்தனை பேர் என்பவற்றையும் கேளுங்கள். வீட்டில் நகை இருந்து, மீட்கும் வழியும் தெளிவாக இருந்தால், வங்கி அடகு வட்டியையும் லீசிங் வட்டியையும் ஒரே கடதாசியில் எழுதிப் பாருங்கள். அம்மாவின் காப்பை அடகு வைக்கச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். பல வீடுகளில் அதுதான் மலிவான கடன், ரொக்கத்துக்கு வாங்குவதால் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் ஏறுவதும் இல்லை.

பணத்தில் இறங்கி வராத கடை பொருளில் இறங்கி வரும். இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள தலைக்கவசம் இரண்டு, முன்பக்கக் காப்புக் கம்பி, இருக்கை உறை, முதல் சேர்விஸுக்கான ஒயில் ஆகியவற்றைக் கேட்கலாம். இலவச சேர்விஸ் என்பது பெரும்பாலும் கூலி மட்டும் இலவசம், ஒயிலுக்கும் பில்டருக்கும் காசு கட்ட வேண்டும். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டிக்கர், பொலிஷ் போன்றவற்றைப் பெரிய சலுகையாகக் காட்டினால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம்.

விலையில் உண்மையாகவே கணிசமான தொகை குறையும் ஓர் இடம் உண்டு, அது தயாரிப்பு ஆண்டு. கடையில் நிற்கும் வண்டி சென்ற ஆண்டுத் தயாரிப்பாக இருந்தால், பதிவு புதியதாக இருந்தாலும் நாளைக்கு விற்கும்போது வாங்குபவர் தயாரிப்பு ஆண்டைப் பார்த்தே விலை சொல்வார். பெரும்பாலான இந்திய வண்டிகளில் அடிச்சட்டத்தில் பொறித்த 17 எழுத்து இலக்கத்தின் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும்: ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. கைப்பேசி வெளிச்சத்தில் நீங்களே வாசியுங்கள். பழைய ஆண்டு என்றால் வாங்கக் கூடாது என்பதில்லை; அதற்குரிய குறைப்பைக் கேளுங்கள், அந்த வண்டி முகவருக்கும் கையிருப்பில் முடங்கிக் கிடக்கும் பணம். பல மாதம் நின்ற வண்டியில் பற்றரியையும் டயரையும் பார்த்துக்கொள்வதும் நல்லது.

முற்பணம் கொடுக்கும்போது, வண்டியின் வகை, நிறம், தயாரிப்பு ஆண்டு, பேசி முடித்த மொத்தத் தொகை, ஒப்படைக்கும் திகதி, அந்தத் திகதி தவறினால் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்பது ஆகிய அனைத்தும் பற்றுச்சீட்டிலேயே எழுதப்பட வேண்டும். பற்றுச்சீட்டுத் தர மறுத்தாலோ, எழுதிய தொகைக்கு மேல் ஒப்படைக்கும் நாளில் கேட்டாலோ, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிராது. அடுத்த தடவை போகும்போது கல்முனைக் கொட்டேஷனையும் கொண்டுபோய், ஆவணக் கட்டணம் எழுதிய வரியில் விரலை வைத்து, இது எதற்கு என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.