டி.டி.இ. கூடியதா, ரத்தக் கொழுப்பு கூடியதா?

கேள்வி: சிறுவயதில் டி.டி.டி. பூச்சிமருந்து தெளித்த வயல்களுக்கு நடுவே வளர்ந்தேன். ஆறு மாதம் முன்பு என் ரத்தத்தில் டி.டி.இ. மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம், இப்போது 2.6. முதல்முறை வெறும் வயிறு, இந்த முறை சாப்பிட்டபின் ரத்தம் கொடுத்தேன். கொலஸ்ட்ரால் இரண்டு முறையும் 200. ட்ரைகிளிசரைடு முன்பு 150, இப்போது 350. உடம்பில் நஞ்சு ஏறுகிறதா? பட்டினி இருந்து வெளியேற்றலாமா?

பதில்: பயப்பட வேண்டாம். சாப்பிட்டபின் ரத்தம் கொடுத்ததாக நீங்களே எழுதிவிட்டீர்கள். விடை அதில்தான் இருக்கிறது.

டி.டி.டி. உடம்பில் சிதைந்து உருவாவது டி.டி.இ. இதுவும் பி.சி.பி., டையாக்சின் போன்ற வேதி மாசுகளும் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் தங்கும். ரத்தத்திலும் அதிலுள்ள கொழுப்போடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகின்றன. சாப்பிட்டதும் ரத்தத்தில் கொழுப்பு ஏறும், அதோடு இவையும் ஏறும். உடம்பின் மொத்த இருப்பு மாறியிருக்காது.

அதனால்தான் இந்த அளவைக் கொழுப்பால் வகுத்துப் பார்க்கிறோம். 1989 முதல் பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரம் உண்டு: கொலஸ்ட்ராலை 2.27-ஆல் பெருக்கி, ட்ரைகிளிசரைடைக் கூட்டி, மேலும் 62.3 சேர்த்தால் மொத்தக் கொழுப்பு, டெசிலிட்டருக்கு மில்லிகிராமில். உங்களுக்கு முதல்முறை 666, இப்போது 866. வகுத்துப் பாருங்கள் (ஒரு டெசிலிட்டர் என்பது 100 மில்லிலிட்டர்): இரண்டு முறையும் ஒரு கிராம் கொழுப்புக்கு ஏறக்குறைய 300 நானோகிராம். துளிகூட ஏறவில்லை! பரிசோதனைக்கூடங்கள் வகுக்காத எண், வகுத்த எண் இரண்டையும் சேர்த்தே அச்சிட்டால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று அடிக்கடி நினைப்பேன்.

வகுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். சூத்திரம் தருவது மதிப்பீடுதான். இடையில் கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்திருந்தாலோ எடை நிறைய மாறியிருந்தாலோ மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒப்பிடும்போது அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னொன்று, எல்லா மாசுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஒட்டாத பாத்திரப் பூச்சோடு பேசப்படும் பி.எஃப்.ஏ.எஸ். வகைகள் ரத்தப் புரதத்தோடு ஒட்டுபவை. அவற்றைக் கொழுப்பால் வகுத்தால் தப்பான எண்தான் வரும்.

பட்டினி வேண்டவே வேண்டாம். எடை வேகமாகக் குறையும்போது கொழுப்புத் திசுவில் தங்கியிருப்பது ரத்தத்துக்கு வரும், எண் நிஜமாகவே ஏறும். டி.டி.இ. வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும்; அதை விரைவாக்க நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது, ‘டீடாக்ஸ்’ பொடிகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

அடுத்த முறை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து, அதே ரத்தத்திலேயே கொழுப்பையும் அளக்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்த 350. சாப்பிட்டபின் எடுத்ததுதான் என்றாலும் கொஞ்சம் அதிகம். டி.டி.இ.யைவிட அதுதான் என் கண்ணில் படுகிறது. வெறும் வயிற்றில் அதை மறுபடி பார்த்துவிடுங்கள்.